ஒரே பெயரில் இரண்டு உரம்: எடை போடும் முன் சதவீதம் பாருங்கள்

நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட். நம் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் பரிந்துரை இது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டாலும், உரக்கடையில் கேட்டாலும், பக்கத்து வயல்காரரிடம் கேட்டாலும் இதே பதில்தான். ஆனால் இன்று கடைக்குப் போனால் 'துத்தநாக சல்பேட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பைகள் கிடைக்கின்றன. ஒன்றில் துத்தநாகம் 21 சதவீதம் என்றும், மற்றொன்றில் 33 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கும். பத்துக் கிலோ என்பது எந்தப் பைக்கு?

சம்பா நடவு நெருங்கும் நேரத்தில் பூந்தமல்லி, திருவள்ளூர் வட்டார விவசாயிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்கும், நேமம், வெள்ளவேடு, குத்தம்பாக்கம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் கீரையும் காய்கறியும் பயிரிட்டு அம்பத்தூர், ஆவடிச் சந்தைகளுக்கு அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். நகரம் நெருக்கி வருவதால் நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது. குத்தகையும் கூலியும் ஏறிவிட்டன. இருக்கிற அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் போடும் ஒவ்வொரு கிலோ உரமும் கணக்காக இருந்தால்தான் கையில் நாலு காசு மிஞ்சும்.

பத்துக் கிலோ என்பது 21 சதவீதப் பைக்கான அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டைப் பரிந்துரைக்கிறது. ஏக்கர் கணக்கில் அதுதான் 10 கிலோ. நீண்ட காலம் கடைகளில் பெரும்பாலும் கிடைத்தது 21 சதவீதச் சரக்குதான் என்பதால், பரிந்துரையைச் சொல்லும்போது சதவீதத்தைச் சொல்லும் வழக்கம் விட்டுப்போயிற்று. 33 சதவீதச் சரக்கும் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர்

இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான். வேறுபாடு, படிகத்துக்குள் அடங்கியிருக்கும் தண்ணீரில் இருக்கிறது. 21 சதவீத வகையில் ஒவ்வொரு துத்தநாக சல்பேட் மூலக்கூறுடனும் ஏழு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. இதை 'ஹெப்டா ஹைட்ரேட்' என்பார்கள். 33 சதவீத வகையில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு. இது 'மோனோ ஹைட்ரேட்'. பையில் இந்தப் பெயர்களும் அச்சாகியிருக்கும். ஏழு நீர் வகையின் எடையில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 44 கிலோ வெறும் தண்ணீர். ஒரு நீர் வகையில் அது 10 கிலோதான்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே உலர்ந்துதான் இருக்கும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தராசுக்குத் தெரியும். நெல் விற்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல்லை எடுக்கிறார்கள். ஈர நெல் ஒரு மூட்டையும் காய்ந்த நெல் ஒரு மூட்டையும் ஒரே எடை காட்டினாலும், அரைத்தால் கிடைக்கும் அரிசி ஒன்றாக இருக்காது. துத்தநாக சல்பேட்டும் அப்படித்தான். பயிருக்கு வேண்டியது துத்தநாகம். அதனுடன் எவ்வளவு தண்ணீர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதைப் பொறுத்துப் போட வேண்டிய எடை மாறும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985, இந்த இரண்டு வகைகளையும் தனித்தனி உரங்களாகவே அங்கீகரித்து, ஏழு நீர் வகையில் குறைந்தது 21 சதவீதமும், ஒரு நீர் வகையில் குறைந்தது 33 சதவீதமும் துத்தநாகம் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டுமே சட்டப்படி சரியான சரக்குதான். ஒன்று அசல், மற்றது போலி என்று எண்ண வேண்டாம். எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம். அளவை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது

பரிந்துரைத்த அளவைப் பரிந்துரைக்குரிய சதவீதத்தால் பெருக்குங்கள். கையில் இருக்கும் பையின் சதவீதத்தால் வகுங்கள். கிடைப்பதுதான் நீங்கள் போட வேண்டிய அளவு.

ஏக்கருக்கு 10 கிலோ என்பதை 21-ஆல் பெருக்கினால் 210. அதை 33-ஆல் வகுத்தால் 6.36. அதாவது 33 சதவீதப் பையாக இருந்தால் ஏக்கருக்கு 6 கிலோ 400 கிராம் போதும். வயலில் மனக்கணக்காக வைத்துக்கொள்ள 'பத்துக்கு ஆறரை' என்று நினைவில் கொள்ளுங்கள். இரண்டு வழியிலும் மண்ணுக்குப் போகும் துத்தநாகம் ஏறத்தாழ 2 கிலோ 100 கிராம்தான்.

பசுந்தாள் உரம் எக்டருக்கு 6.25 டன் அளவில் மடக்கி உழுதிருந்தாலோ, ஊட்டமேற்றிய தொழுவுரம் இட்டிருந்தாலோ, துத்தநாக சல்பேட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்பதும் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அப்படியானால் ஏக்கருக்கு 21 சதவீத வகையில் 5 கிலோ, 33 சதவீத வகையில் 3 கிலோ 200 கிராம் போதும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறவர்களுக்கு இது நேரடியான மிச்சம்.

நடவுக்குப் பிறகு பற்றாக்குறை தெரிந்தால் 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டுடன் 1 சதவீத யூரியா கலந்து, அறிகுறி மறையும் வரை 15 நாள் இடைவெளியில் தெளிக்கச் சொல்கிறார்கள். இங்கே 0.5 சதவீதம் என்பது லிட்டருக்கு 5 கிராம். அதுவும் 21 சதவீத வகைக்கான அளவே. 10 லிட்டர் டேங்குக்கு 21 சதவீத வகை 50 கிராம், 33 சதவீத வகையானால் 32 கிராம். இப்போது பலரும் பயன்படுத்தும் 16 லிட்டர் டேங்குக்கு முறையே 80 கிராம், 51 கிராம். யூரியா அளவில் மாற்றம் இல்லை. 10 லிட்டருக்கு 100 கிராம், 16 லிட்டருக்கு 160 கிராம்.

தவறினால் என்ன ஆகும்?

மண்ணில் இடும்போது 33 சதவீத வகையைப் பத்துக் கிலோ போட்டுவிட்டால் பயிர் உடனே சாகாது. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் உரம் தேவையில்லாமல் போகிறது. நுண்ணூட்டங்களில் விலை கூடியவற்றில் துத்தநாகமும் ஒன்று. அது மண்ணிலிருந்து எளிதில் கரைந்து போவதில்லை, அங்கேயே தங்கும். போகத்துக்குப் போகம் அளவுக்கு மேல் போட்டுக்கொண்டே போனால், இரும்பு போன்ற பிற சத்துகளை வேர் எடுத்துக்கொள்வதற்கு அது இடைஞ்சலாகும்.

இலைவழித் தெளிப்பில் அவ்வளவு தாராளம் கிடையாது. 32 கிராம் போட வேண்டிய இடத்தில் 50 கிராம் போட்டால் இலை மீது விழும் துத்தநாகம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். வெயில் ஏறிய பிறகு தெளித்தால் இலை நுனியும் ஓரமும் கருகும். நெல் பயிர் ஒரு வாரத்தில் தேறிவிடலாம். கீரைக்கு அந்த அவகாசம் இல்லை. இலையே விற்பனைப் பொருள் என்பதால், கருகிய கட்டைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். 25 நாளில் அறுக்கும் பயிரில் ஒரு டேங்க் தவறு ஒரு போகத்தையே கெடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரர் 33 சதவீத வகையில் ஆறரைக் கிலோ போட்டிருப்பார். 'அவருக்கு ஆறரை போதும் என்றால் எனக்கும் போதும்' என்று 21 சதவீத வகையில் ஆறரைக் கிலோ போட்டால், தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 'துத்தநாகம் போட்டேனே, ஏன் பயிர் எழவில்லை?' என்ற குழப்பம் மிஞ்சும். பிறகு அதற்கு மேல் யூரியா, அதற்கு மேல் ஏதாவது ஒரு டானிக் என்று செலவு நீளும்.

நோயென்று எண்ணியது பற்றாக்குறையானது

துத்தநாகக் குறை நெல்லை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்கு வரலாறே சாட்சி. இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் துருப்பிடித்ததுபோல் பழுப்பாகித் தேங்கிப்போவதை 'கைரா' நோய் என்று அழைத்தார்கள். அது கிருமியால் வரும் நோய் அல்ல, துத்தநாகப் பற்றாக்குறை என்பதை 1966-ஆம் ஆண்டில் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானி ஒய்.எல். நேனே கண்டறிந்தார். நெல் வயலில் துத்தநாகப் பற்றாக்குறையை உலகுக்கு எடுத்துக்காட்டிய முக்கியமான கண்டுபிடிப்பு அது. மருந்தடித்துத் தீராத நோய், துத்தநாக சல்பேட் இட்டதும் தீர்ந்தது.

நம் பகுதியிலும் அறிகுறிகள் அவையேதான். நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கும். இளம் இலைகளின் அடிப்பகுதியில் நடு நரம்பு வெளுக்கும். கீழ் இலைகளில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். தூர் கட்டுவது குறையும். தொடர்ந்து தண்ணீர் தேங்கும் வயல், களர் நிலம், மணிச்சத்து அளவுக்கு மிஞ்சிப் போன நிலம் ஆகியவற்றில் இது கூடுதலாகத் தெரியும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒன்றன்பின் ஒன்றாக நெல்லே போடும் வயல்களில் கவனம் தேவை.

ஆனால் எல்லா வயலுக்கும் எல்லாப் போகத்திலும் துத்தநாகம் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஆய்வு செய்யப்படும் 12 இனங்களில் துத்தநாகமும் ஒன்று. உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். பற்றாக்குறை என்றிருந்தால் போடுங்கள். போதுமானது என்றிருந்தால் அந்தப் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது மலிவு?

ஒரு கிலோ விலையை மட்டும் பார்த்தால் 21 சதவீத வகை மலிவாகத் தெரியும். சத்தின் விலையைப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 21 சதவீத வகை கிலோ 60 ரூபாய், 33 சதவீத வகை கிலோ 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 21-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால், ஒரு கிலோ துத்தநாகத்தின் விலை ஏறத்தாழ 286 ரூபாய். 84-ஐ 33-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 255 ரூபாய். அதிக விலை போட்டிருந்த பைதான் இங்கே மலிவு. விலை மாறினால் விடையும் மாறும். கடை வாசலிலேயே கைப்பேசியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரசீது வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். ரசீதில் 'துத்தநாக சல்பேட்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 21 அல்லது 33 என்ற சதவீதத்தையும், நிறுவனப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். உரத்துக்கு ரசீது தருவது விற்பனையாளரின் சட்டப்படியான கடமை. பின்னால் தரத்தில் சந்தேகம் வந்தால் அந்தச் சீட்டுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பார்வையை நம்ப வேண்டாம்

ஏழு நீர் வகை பொதுவாகப் பளபளக்கும் படிகமாக இருக்கும். ஒரு நீர் வகை வெண்மையான பொடியாகவோ குருணையாகவோ இருக்கும். ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தகரக் கொட்டகையில் கோடை வெயிலில் கிடந்த படிகச் சரக்கு தன் தண்ணீரை இழந்து மாவாகிவிடும். மழைக்காலத்தில் அதுவே கசிந்து கட்டியாகும். பிரித்த பையை அடுத்த போகத்துக்கு வைத்திருந்தால், அதில் இருக்கும் சரக்கின் சதவீதம் பையில் அச்சிட்டதாக இருக்காது. ஒரு போகத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைக் காற்றுப் புகாதபடி கட்டி, நிழலில் வையுங்கள்.

இன்னொரு தொல்லை கலப்படம். மெக்னீசியம் சல்பேட்டும் பார்ப்பதற்கு ஏழு நீர் வகைத் துத்தநாக சல்பேட்டைப் போலவே இருக்கும். விலையும் குறைவு. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரில் சிறிது டி.ஏ.பி.யைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். வேறொரு தம்ளரில் உங்கள் துத்தநாக சல்பேட்டைக் கரையுங்கள். இரண்டையும் சேர்த்தால் துத்தநாகம் இருக்கும் கரைசலில் தயிர் திரிந்ததுபோல் கெட்டியான வெள்ளை வீழ்படிவு உண்டாகும். மெக்னீசியம் சல்பேட் மட்டும் இருந்தால் அப்படித் திரியாது. இது சந்தேகத்தை எழுப்பும் சோதனைதானே தவிர, தீர்ப்புச் சொல்லும் சோதனை அல்ல. பையில் இருப்பது 21-ஆ, 33-ஆ என்பதையும் இது சொல்லாது. சந்தேகம் வந்தால் வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளரிடம் சொல்லுங்கள். முறைப்படி மாதிரி எடுத்து உரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இதே சோதனை இன்னொரு பாடமும் சொல்கிறது. டி.ஏ.பி.யும் துத்தநாக சல்பேட்டும் தம்ளரில் சேர்ந்தால் திரிகிறது என்றால், இரண்டையும் ஒன்றாகக் கலந்து வீசினால் வயலிலும் அதுதான் நடக்கும். மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, இரண்டுமே பயிருக்கு எட்டாமல் போகும். ஆகவே மணிச்சத்து உரத்தை அடியுரமாகத் தனியாக இடுங்கள். துத்தநாக சல்பேட்டை நடவுக்குச் சற்று முன்பு, ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, சேற்றின் மேல் சீராகத் தூவுங்கள். 33 சதவீத வகையில் சரக்கின் எடை குறைவதால் வயல் முழுவதும் சமமாக விழுவது கடினம். மணலைக் குறைக்காதீர்கள்.

இந்தக் கணக்கு செல்லாத இடங்கள்

மேலே சொன்ன பெருக்கல், வகுத்தல் கணக்கு ஒரே உப்பின் இரண்டு வடிவங்களுக்கு இடையில் மட்டுமே செல்லும். எல்லாத் துத்தநாக உரங்களுக்கும் இதையே போட்டுப் பார்க்கக் கூடாது.

துத்தநாக இ.டி.டி.ஏ. என்ற கொடுக்கிணைப்பு வடிவத்தில் 12 சதவீதம் துத்தநாகம் உண்டு. சதவீதம் குறைவு என்பதால் கூடுதலாகப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டால் தவறாகிவிடும். கொடுக்கிணைப்பில் இருக்கும் துத்தநாகம் மண்ணில் எளிதில் கட்டுண்டு போவதில்லை என்பதால் குறைந்த அளவே போதும். பையில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். மறுபுறம் துத்தநாக ஆக்சைடில் சதவீதம் மிக அதிகம். ஆனால் அது தண்ணீரில் கரையாது. சல்பேட்டுக்குப் பதிலாக அதைக் கரைத்துத் தெளிக்க முடியாது. நெல் நுண்ணூட்டக் கலவையில் துத்தநாகம் பல சத்துகளில் ஒன்று மட்டுமே. அதற்குத் தனி அளவு உண்டு.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ரசாயனக் கடைகளில் துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட், துத்தம் எல்லாமே தொழிற்சாலைத் தேவைக்காக விற்கப்படுகின்றன. 'அதுவும் இதுதானே, கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே' என்று தோன்றலாம். உரமாக விற்கும் துத்தநாக சல்பேட்டில் காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. உலோகப் பூச்சு வேலைக்கென விற்கும் சரக்குக்கு அந்த வரம்பு பொருந்தாது. காட்மியத்தைக் கீரை எளிதில் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். காலையில் அறுத்த கீரை மதியமே யாரோ ஒருவர் வீட்டுச் சோற்றில் சேர்கிறது. பத்து ரூபாய் மிச்சத்துக்காக இந்த மாற்றைச் செய்யவே கூடாது. மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மற்ற இடங்களிலும் இதே கவனம்

ஒரு பொருளின் இடத்தில் அதன் இன்னொரு வடிவம் வரும் சந்தர்ப்பங்கள் விவசாயத்தில் நிறைய உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் உருவான இந்தப் பூஞ்சாணக் கொல்லி இன்றும் பழத்தோட்டங்களில் கைகொடுக்கிறது. 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. புதிதாகச் சுட்ட கல் கிடைக்காமல் கடையில் பாக்கெட்டில் விற்கும் நீறிய சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தினால் அதே ஒரு கிலோ போதாது. நீறும்போது கல் தண்ணீரை வாங்கிக்கொண்டு எடை கூடிவிடுவதால், ஒரு கிலோ 300 கிராம் வேண்டும். நாட்பட்டுக் காற்றுப்பட்ட சுண்ணாம்பு எந்த அளவிலும் உதவாது. கலவையில் துடைத்த இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் நனைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். நிறம் படியாத வரை சுண்ணாம்பு நீரைச் சேர்த்த பிறகே தெளிக்க வேண்டும். இல்லையேல் இலை கருகும்.

இரண்டாவது, இரும்பு சல்பேட். அன்னபேதி என்று நாம் அழைக்கும் இது இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். காற்றுப்பட்டுப் பழுப்பேறிய சரக்கில் இரும்பு பயிர் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்துக்கு மாறியிருக்கும். எடையைக் கூட்டிப் போட்டாலும் பயன் இல்லை. அதை வாங்காமல் விடுவதே கணக்கு.

மூன்றாவது, டி.ஏ.பி. தட்டுப்பாடு வரும்போதெல்லாம் எழும் கேள்வி. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. இதற்கு ஈடாக 16 சதவீத மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டையும், யூரியா 20 கிலோவும் போட்டால் 24 கிலோ மணிச்சத்தும் 9 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தழைச்சத்தும் கிடைத்துவிடும். டி.ஏ.பி.யில் இல்லாத கந்தகம் ஏறத்தாழ 16 கிலோவும், சுண்ணாம்புச் சத்தும் இதனுடன் சேர்ந்து வரும். நிலக்கடலை, எள் போடுகிறவர்களுக்கு இந்த மாற்று உண்மையிலேயே மேலானது. ஒரு மூட்டைக்குப் பதில் மூன்று மூட்டை தூக்க வேண்டியிருக்கும் என்பதுதான் குறை. சூப்பர் பாஸ்பேட் நமக்குப் புதிதும் அல்ல. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில்தான் 1906-இல் நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கப்பட்டது.

யார் என்ன செய்ய வேண்டும்?

விவசாயிகள் பையைத் திருப்பிச் சதவீதத்தைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஆனால் முழுப் பொறுப்பையும் அவர்கள் தலையில் போடுவது நியாயமாகாது. ஒரே பெயரில் இரண்டு சரக்கை விற்க அனுமதித்துவிட்டு, பரிந்துரையை மட்டும் ஒரே எண்ணில் சொல்லிக்கொண்டிருப்பது அமைப்பின் குறை.

வேளாண்மைத் துறையின் துண்டறிக்கைகளிலும், வானொலி உரைகளிலும், மண் ஆய்வு முடிவுகளிலும் 'துத்தநாக சல்பேட் 10 கிலோ' என்று நிறுத்தக் கூடாது. '21 சதவீதம் என்றால் 10 கிலோ, 33 சதவீதம் என்றால் 6 கிலோ 400 கிராம்' என்று இரண்டு அளவையும் சேர்த்தே அச்சிட வேண்டும். ஒரு வரிதான் கூடும்.

உதவி வேளாண்மை அலுவலர்கள் கிராமக் கூட்டங்களில் இரண்டு பைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நூறு துண்டறிக்கை செய்யாத வேலையை அது செய்யும். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அருகருகே இருப்பது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த வசதி. அங்கு பயிற்சிக்கு வரும் விவசாயிகளுக்கு ரகத் தேர்வுடன் இந்தக் கணக்கையும் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்கலாம்.

உர நிறுவனங்கள் பையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தை முன்பக்கம் பெரிய தமிழ் எழுத்தில் போட வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு, டேங்குக்கு எவ்வளவு என்பதையும் அந்தச் சரக்குக்கு ஏற்றபடி அச்சிட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் தனியார் கடைகளும் இரண்டு வகைகளையும் வைத்திருந்தால், விலைப் பலகையில் தனித்தனி வரியாக எழுத வேண்டும்.

சம்பாவுக்கு உரம் வாங்கக் கிளம்பும் முன் மண்வள அட்டையையும் கைப்பேசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பையை எடுத்து வைத்ததும் 'இது எத்தனை சதவீதம்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு எத்தனை கிலோ என்பதை நீங்கள் சொல்லுங்கள்.